மரை தேய்ந்த துப்பாக்கி

கரிமருந்துத் துப்பாக்கியைச் சுட்டவர் அன்றைக்கே அதைக் கழுவியாக வேண்டும். எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. கொஞ்சம் வெள்ளைப் புகையாகப் பறந்துபோக, மீதி குழலுக்குள் படிந்துவிடும். அந்தப் படிவு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஈரம் இரும்பைத் தின்னும். திண்டிவனத்துக்குப் பக்கத்து நரிக்குறவர் குடியிருப்பில் ஒரு பெரியவர் தன் துப்பாக்கியைக் கழுவுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உரிமம் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. வாய்வழியாக மருந்தும் ரவையும் போட்டு, நாரை வைத்துக் கம்பியால் இடித்து இறுக்குகிற வகை.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. சோப்பு, மண்ணெண்ணெய் எதையும் அவர் தொடவில்லை. குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, அடிப்பக்கத்தை ஒரு தகர டப்பாவுக்குள் நிறுத்தி, வாயில் கொதிநீரை ஊற்றினார். முதலில் மை மாதிரி கறுப்பாக வந்த தண்ணீர், ஊற்ற ஊற்றச் சாம்பல் நிறமாகி, பிறகு தெளிந்தது. கம்பியின் முனையில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி உள்ளே விட்டு மேலும் கீழுமாக இழுத்தார். "வெந்நீர்தான் சாமி வேணும். பச்சைத் தண்ணி ஊத்தினா உள்ள ஈரம் நிக்கும். சூடா ஊத்தினா குழல் தானே காஞ்சுக்கும்" என்றார். வேதியியல் அவர் பக்கம்தான். படிவில் பெரும்பகுதி பொட்டாசிய உப்புகள், தண்ணீரிலேயே கரைபவை. சூடேறிய இரும்பு மிச்ச ஈரத்தைத் தானே விரட்டிவிடும். கடைசியாக எண்ணெய்த் துணி. அதன்பின் குழலின் வாயை வானத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, உள்ளே நெடுநேரம் பார்த்தார்.

குழல் நன்றாகவே இருக்கிறது. கெட்டுப்போனது நிப்பிள். குழலின் அடியில் பக்கவாட்டில் மரை போட்டு முடுக்கிய, நடுவில் ஊசித் துளையுள்ள சின்ன இரும்பு அது. அதன் தலையில், அடித்தால் பொறி தரும் 'கேப்பு' என்ற சின்ன மூடியை மாட்டி, விசையை இழுத்தால் குதிரை என்கிற சுத்தி வந்து அடிக்கும். கேப்பின் பொறி அந்தத் துளை வழியே உள்ளே இறங்கி மருந்தைப் பற்றவைக்கும். பெரியவருடைய துப்பாக்கியில் அந்த மரை தேய்ந்துவிட்டது. விரலால் அசைத்துக் காட்டினார், ஆடியது. இந்த நிலையில் சுட்டால் வெடியின் அழுத்தத்தில் நிப்பிளே பிடுங்கிக்கொண்டு பின்னால் பறக்கலாம். பின்னால் இருப்பது சுடுகிறவரின் கண்.

இந்தக் கேப்பு எப்படி வந்தது என்பதை நான் அவரிடம் சொன்னேன். அதற்கு முன்னால் இருந்தவை சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகள். இங்கிருந்து வடக்கே இருக்கும் வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையும் மோதியது அவற்றோடுதான். கல் உரசித் தீப்பொறி கிண்ணத்து மருந்தில் விழுந்து, பிறகுதான் உள்ளே இருக்கும் மருந்து வெடிக்கும். அந்த இடைவெளியில் வெளியே ஒரு மின்னல் அடிக்கும். அதைக் கண்டு பறவை பறந்துவிடும். ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்டர் ஃபோர்சித் என்ற பாதிரியாருக்குப் பறவை வேட்டையில் இதுதான் பெரிய தொல்லை. வெளியே தீ காட்டாமல் அடியிலேயே பற்றும் முறைக்கு 1807-இல் அவர் காப்புரிமை பெற்றார். அதன் வழியில் வந்ததுதான் கேப்பு. பெரியவர் ஆர்வமாகக் கேட்டார். "அவரும் நம்மள மாதிரி குருவிக்காரர்தான்" என்றார்.

அவருடைய இளமையில் காகமும் பழவௌவாலும் சுடத் தடையில்லை. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் எலியோடு அவையும் தீங்குயிர்களாக இருந்தன. கொக்கும் காடையும் கூடாது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது. இப்போது அவர் வேட்டையாடுவதில்லை. மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லைக்காரர்கள் கூப்பிட்டால் போய், ரவை போடாமல் வெறும் மருந்துச் சத்தம் காட்டிப் பன்றியை விரட்டிவிட்டு வருகிறார். மல்லாட்டை விளைச்சலுக்கும் ஆராய்ச்சிக்கும் பேர் போன ஊர் திண்டிவனம். காட்டுப்பன்றி ஒரு ராத்திரி புகுந்தால் கொல்லை உழுதுபோட்ட மாதிரி ஆகிவிடும். 1959-இன் ஆயுதச் சட்டம் 13-ஆம் பிரிவில் பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கி என்று பெயர் சொல்லியே உரிமத்துக்கு இடம் வைத்திருக்கிறது. ஆக, இவர் கையில் இருப்பது சட்டம் அறிந்த கருவி.

அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவில்தான் சிக்கல். துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். திண்டிவனத்தில் நான் பேசிய லேத்து பட்டறைக்காரர் நிப்பிளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். புது மரை போட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அரை மணி வேலை என்றார். "ஆனா தொடமாட்டேன் சார். நாளைக்கு ஒண்ணுன்னா என் பட்டறைக்குப் பூட்டுதான்" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது நியாயம். இந்தச் சட்டம் வேண்டாம் என்றும் நான் சொல்லவரவில்லை. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளால் நடக்கும் சாவுகள் எனக்கும் தெரியும். ஆனால் உரிமம் தந்த அரசு, அந்தத் துப்பாக்கி பழுதானால் எங்கே போவது என்பதற்கும் ஒரு வழி காட்ட வேண்டாமா? உரிமம் பெற்ற பழுதுக்காரரைத் தேடிப் பெரியவர் சென்னைக்குப் போனார். வாய்வழித் துப்பாக்கி வேலை எடுப்பதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் இவ்வகைத் துப்பாக்கிக்காரர்களின் தேசிய சங்கம் 1933 முதல் இருக்கிறது. நிப்பிள், பட்டை ஸ்பிரிங், குதிரை எல்லாம் அளவு வாரியாகத் தபாலில் வாங்கலாம். இங்கே அந்த ஒரு விரல் இரும்புக்கு நாதியில்லை.

2024-இல் பட்ட பாட்டைப் பெரியவர் இன்னும் மறக்கவில்லை. மக்களவைத் தேர்தல் அறிவித்ததும் எல்லாரையும் போலக் காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைத்தார். ஜூன் தொடக்கத்தில் நன்னடத்தை விதி விலகியது. அதே மாதம் விக்கிரவாண்டி இடைத்தேர்தல் அறிவிப்பு வந்து, ஜூலை 10 வாக்குப்பதிவு வரை இழுத்தது. திரும்பி வந்தபோது குழலின் வாயோரம் செம்பழுப்பாகப் பூத்திருந்தது. அதைத் தேய்த்து எடுத்து வைத்தால், நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை அது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுச் சாமி மூட்டையைத் தலையிலும் துப்பாக்கியைத் தோளிலும் வைத்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். நிப்பிள் மரை அரித்தது அந்த ஈரத்தில்தான் என்பது அவருடைய கணிப்பு.

குடகு நாட்டுக் கொடவர்கள் துப்பாக்கி வைத்திருக்க உரிமமே தேவையில்லை. ஆண்டுதோறும் கைல்போது பண்டிகையில் ஆயுதங்களுக்குப் பூச்சூட்டிக் கும்பிடுவதை நாடே படம் பிடித்துப் பாராட்டுகிறது. அந்த மரியாதை அவர்களுக்கு வேண்டியதே. நரிக்குறவர் தோளில் அதே கருவி இருந்தால் மட்டும் சந்தேகம் முன்னால் வருகிறது. பேருந்து நிலையத்தில் ஊசி, பாசி விற்கும்போது பார்க்கிறோமே தவிர, இவர்களுடைய தொழில்நுட்ப அறிவை நாம் எழுதிவைக்கவில்லை. கரசூர் பத்மபாரதியின் 'நரிக்குறவர் இனவரைவியல்' போன்ற நூல்கள் அபூர்வம். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் நரிக்குறவர் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தார்கள். படிப்புக்கும் வேலைக்கும் அது கதவு திறந்திருக்கிறது. குதிரையின் ஸ்பிரிங் தளர்ந்ததைச் சத்தத்திலேயே சொல்லும் காதுக்கும், கட்டையில் வெடிப்பு ஓடுவதை விரலால் தடவிக் கண்டுபிடிக்கும் கைக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. செஞ்சிக் கோட்டை 2025-இல் உலக மரபுச் சின்னமானது. அங்கே ராஜகிரி மலை உச்சியில் இருக்கும் பீரங்கியும் வாய்வழி மருந்து போடுவதுதான். அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது எப்படி வேலை செய்தது, எப்படிக் கழுவினார்கள் என்று விளக்க, இந்தப் பெரியவரைவிடத் தகுதியானவர் விழுப்புரம் மாவட்டத்தில் யார்?

பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. 2016-இன் ஆயுத விதிகளின்படி எழுபது வயதானவர், அல்லது இருபத்தைந்து ஆண்டு ஆயுதம் வைத்திருந்தவர், வாரிசுக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். மகன் மயிலம் மலையடிவாரத்தில் பாசிமணிக் கடை போடுகிறார். பங்குனி உத்திரத்துக்கு வேண்டிய சரக்கைக் கோத்துக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். "வாங்கிக்கிறேன் சார். ஆனா உடைஞ்ச துப்பாக்கிக்கு வருசா வருசம் யார் அலையறது? முதல்ல அத சரி பண்ணித் தரச் சொல்லுங்க" என்றார்.

மாவட்ட ஆயுதப்படையில் துப்பாக்கி பழுது பார்க்கும் காவலர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கி, உரிமம் உள்ள வாய்வழித் துப்பாக்கிகளைப் பார்த்து, மரை போகிறதா, குழல் தாங்குமா என்று சோதித்து, தேவையான இடத்தில் நிப்பிள் மாற்றிக் கொடுக்கலாம். தாங்காததை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம், விபத்தும் குறையும். இதையே மனுவாக எழுதித் தரும்படி பெரியவர் கேட்டார். உரிம எண், துப்பாக்கி எண், பழுதின் விவரம் எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். கைநாட்டு வேண்டாம் என்று சொல்லி, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை விழுப்புரம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மகனும் கூட வருகிறார்.