ஆடி மாதத்து அகஸ்டா

எடிசனில் என் வயதுக்காரர்களுக்குக் குறை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஓக் ட்ரீ ரோட்டில் முருங்கைக்காய் கிடைக்கிறது, நல்ல பெருங்காயம் கிடைக்கிறது, தேடினால் எட்டு முழ வேட்டியும் கிடைக்கும். ஆகஸ்டில் அதே சாலையில் மூவர்ணக் கொடிகளோடு இந்திய சுதந்திர தின ஊர்வலம் போகும். மகள் வீட்டுக் கொல்லைக்கு மான் வந்து செடியைத் தின்றுவிட்டுப் போகிறது. பள்ளிக்கூடத்துப் புல்தரையில் கனடா வாத்துகள் கூட்டமாக மேய்கின்றன. மாடுதான் இல்லை. பர்கூர் மலையிலும் அந்தியூரிலும் கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு அது ஒரு குறை என்று சொன்னால் சிரிப்பார்கள். அதுவும் ஆடி மாதம். அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் திருவிழா கூடியிருக்கும். கோயிலைச் சுற்றிய தோட்டங்களில் கத்தியவார் குதிரையும் மார்வாரிக் குதிரையும், காங்கேயம் காளையும், எங்கள் பர்கூர்ச் செம்மறை மாடும் கட்டி நிற்கும். நான் இங்கே ஏ.சி. ஓடும் அறையில் உட்கார்ந்து செல்போனில் அந்த வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை அதைக் கவனித்திருக்க வேண்டும். "மாமா, மாடு பாக்கோணும்னா மலைக்குப் போயிறலாங்க. வடக்கே சசெக்ஸ்ல பெரிய திருவிழா நடக்குது" என்றார். சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். பேத்திக்கு ராட்டினம், மகளுக்குப் பீச் பழம், எனக்கு மாடு என்று ஒப்பந்தம்.

287ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, 80இல் மேற்கே திரும்பி, பிறகு 15ஆம் எண் சாலையைப் பிடிக்க வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 60 மைல். பாதித் தூரம் வரை கிடங்குகளும் அலுவலகக் கண்ணாடிக் கட்டடங்களும்தான். ஹொபாட்காங் ஏரியைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் மரங்கள் நெருங்கி வருகின்றன. கரடி உண்டு, குப்பைத் தொட்டியைப் பூட்டி வை என்ற எச்சரிக்கை இந்தப் பக்கத்து ஊர்களில் சாதாரணம்.

வலப்புறம் எழும்பி நிற்பது ஸ்பார்ட்டா மலை. எடிசன் ஊரில் இருக்கிற நம்மவர்களில் எத்தனை பேர் இந்த மலையைக் கேள்விப்பட்டிருப்பார்களோ! தாமஸ் ஆல்வா எடிசன் 1876இல் மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் போட்டு, அங்கேதான் ஒலிப்பதிவுக் கருவியையும் மின்விளக்கையும் செய்தார். அந்தப் பெருமைக்காக ராரிட்டன் என்றிருந்த ஊர் 1954இல் எடிசன் ஆனது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். அதே எடிசன் 1890களில் இந்த ஸ்பார்ட்டா மலைமேல் ஏறி, பாறையை ராட்சத உருளைகளால் நொறுக்கி, காந்தத்தால் இரும்புத் தாதுவைப் பிரித்தெடுக்கப் பத்து வருடம் போராடினார். தொழிலாளர் குடியிருப்போடு ஒரு ஊரே எழுந்தது. அதற்கும் எடிசன் என்றுதான் பெயர். மின்சாரக் கம்பெனிப் பங்குகளை விற்ற பணம் முழுவதும் அந்தப் பாறைக்குள் போயிற்று. மின்னசோட்டாவில் மெசாபி மலையில் மண்வெட்டியால் அள்ளுகிற மாதிரி நல்ல தாது அகப்பட்டு விலை சரியவும், இங்கே எல்லாவற்றையும் மூடிவிட்டு இறங்கினார். நொறுக்கும் இயந்திரங்களின் அனுபவத்தைக் கொண்டுபோய் சிமென்ட் ஆலையில் பயன்படுத்தியது தனிக்கதை. மலைமேல் இருந்த எடிசன் இன்று வெறும் காடு. கீழே இருக்கிற எடிசனில்தான் நாம் இட்லி மாவு வாங்குகிறோம்.

உயரத்தை வைத்துப் பார்த்தால் இது ஒரு மலையா என்று ஏற்காட்டுக்காரர் கேட்பார். நியூ ஜெர்சி மாநிலத்திலேயே உயர்ந்த இடமான ஹை பாயின்ட் 1,803 அடிதான். கிட்டடின்னி மலைத்தொடரின் முதுகில் அது இருக்கிறது. ஆனால் மலையின் குணத்தை அடிக்கணக்கில் அளக்க முடியாது. இந்த மலை முதுகு வழியாக அப்பலேச்சியன் நடைபாதை போகிறது. ஜார்ஜியாவில் தொடங்கி மேய்ன் வரை ஏறக்குறைய 2,190 மைல். மலைக்குக் கீழே பள்ளத்தாக்கில் சோளக்காடு, சிவப்பு வண்ணக் கொட்டகை, பக்கத்தில் தீவன உருளைக் கோபுரம். அகஸ்டா இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற சிற்றூர். 1976 முதல் திருவிழா இங்கேதான் நடக்கிறது. சசெக்ஸ் மாவட்டத்துப் பண்ணை, குதிரைக் காட்சியாக வளர்ந்த விழா, இப்போது நியூ ஜெர்சி மாநிலத் திருவிழா என்ற பட்டத்தோடு ஆகஸ்டு தொடக்கத்தில் நடக்கிறது. அதாவது நம் ஆடியில்.

காரை விட்டு இறங்கியதும் சாணி வாசம். "அப்புச்சி, யக்!" என்றாள் பேத்தி. எனக்கு அப்போதுதான் மூச்சு நிறைந்தது.

ராட்டினத்தை அவர்களிடம் விட்டுவிட்டு நான் நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். நீளமான கொட்டகை. தரையில் மரத்தூள் மெத்தை. ஒவ்வொரு மாட்டுக்கும் தலைக்குமேல் மின்விசிறி. ஹோல்ஸ்டீன், ஜெர்சி, பிரவுன் ஸ்விஸ் என்று வரிசை. ஒரு ஹோல்ஸ்டீன் பசு 600 கிலோவுக்கு மேல் தூக்கும். அமெரிக்கப் பசு ஒன்று வருடத்துக்குச் சராசரியாக 10,000 லிட்டருக்கு மேல் கறக்கிறது. எங்கள் பர்கூர் மாடு நாளுக்கு ஒன்றிரண்டு லிட்டர் கொடுத்தால் பெரிது. அதைப் பாலுக்காக யாரும் வைத்திருக்கவும் இல்லை. செங்குத்தான காட்டுப் பாதையில் ஏறி இறங்கி மேய்ந்து, சாணியைப் பட்டியில் போடும். அந்த எருவுக்காகவும் உழவுக்காகவும்தான் வளர்த்தார்கள். இந்த ஹோல்ஸ்டீனைப் பர்கூரில் விட்டால் ஒரு வாரம் தாங்காது. பர்கூர் மாட்டை இந்த மின்விசிறிக்குக் கீழே கட்டினால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஹை பாயின்ட் ஏறிவிடும்.

நான் மாட்டைப் பார்க்கப் போனேன், ஆனால் பார்த்துக்கொண்டு நின்றது பிள்ளைகளைத்தான். பத்து வயது, பன்னிரண்டு வயது. மாட்டைக் குளிப்பாட்டுகிறார்கள், முடியைக் கத்தரிக்கிறார்கள், வால் குஞ்சத்தைச் சீவி விடுகிறார்கள். கொட்டகை ஓரத்தில் மடக்குக் கட்டில் போட்டு ஒரு பையன் தன் கிடேரியின் காலடியிலேயே உறங்கிக்கொண்டிருந்தான். இவர்கள் 4-ஹெச் சங்கப் பிள்ளைகள். நாலு இலைத் தழை போட்ட பச்சைச் சின்னம் வைத்திருப்பார்கள். 1900களின் தொடக்கத்தில் கிராமப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இயக்கம், 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தபோது பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பணியோடு சேர்ந்துகொண்டது. நியூ ஜெர்சியில் அதை ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் நடத்துகிறது. விரிவாக்கப் பணி என்ற சொல் என் வேலை உத்தரவிலும் இருந்தது. நாங்கள் கூட்டம் போட்டுப் பெரியவர்களுக்குச் சொன்னோம். அவர்கள் கொட்டாவி விட்டார்கள். இங்கே ஒரு கன்றுக்குட்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, வருடம் முழுவதும் செலவுக் கணக்கும் எழுத வைத்துவிடுகிறார்கள்.

பத்தரை மணிக்கு வட்டக் களத்தில் போட்டி தொடங்கியது. பிள்ளைகள் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. முகக்கயிற்றைப் பிடித்து மாட்டை மெல்ல நடத்தி வர வேண்டும். கண் நடுவரை விட்டு அகலக்கூடாது. நடுவர் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார், முதுகில் கை வைக்கிறார், மடிக்குக் குனிகிறார். பிறகு ஒவ்வொன்றாக வரிசையில் நிறுத்துகிறார். இதுவரை எனக்குத் தெரிந்த வேலைதான். அடுத்து அவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். முதல் மாடு ஏன் முதல், இரண்டாவது ஏன் இரண்டாவது என்று ஊரறியச் சொல்லத் தொடங்கினார். முதல் மாட்டுக்குப் பின்மடி உயரத்தில் கட்டியிருக்கிறது. இரண்டாவதற்கு மார்பு அகலம் கூடுதல், ஆனால் பின்னங்கால் கொஞ்சம் நேராகிவிட்டது. மூன்றாவது நடையில் சுத்தம், முதுகு சற்றே தொய்வு. கடைசியில் நின்ற மாட்டுக்கும் ஒரு நல்லது சொல்லித்தான் முடித்தார். நீலநாடா முதலுக்கு, சிவப்பு இரண்டாவதற்கு.

அந்தியூர்ச் சந்தையிலும் மாட்டைப் படிப்பவர்கள் இதற்கு இளைத்தவர்கள் அல்ல. வாயைத் திறந்து பல் எண்ணுவார்கள், சுழி பார்ப்பார்கள், நாலு அடி நடக்க விட்டாலே போதும், குளம்பைப் பற்றித் தீர்ப்பு வந்துவிடும். ஆனால் அந்த அறிவெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருக்கும். தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்கும் தொகை தெரியாது. சந்தைக்கு அது தேவை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்படிப் பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச்சேர, அவர்களுக்குத் தெரிந்ததும் துண்டுக்குள்ளேயே போய்விட்டது. இங்கே பன்னிரண்டு வயதுப் பெண், தன் மாடு ஏன் நான்காவது என்பதைக் காரணத்தோடு கேட்டுத் தலையாட்டிக்கொண்டு போகிறாள்.

இன்னொரு பிரிவில் மாட்டுக்கு மதிப்பெண்ணே இல்லை. மாட்டைப் பிடித்து வருபவருக்குத்தான். நடுவர் பிள்ளைகளிடம் இது எப்போது பிறந்தது, என்ன தீவனம் என்று கேட்பார். சில சமயம் மாட்டை மாற்றிக் கொடுத்து, பழகாத மாட்டை எப்படிக் கையாளுகிறார்கள் என்றும் பார்ப்பார். எங்கள் துறையில் ஆள் எடுப்பதற்கு இப்படி ஒரு தேர்வு வைத்திருந்தால் பாதிப் பேர் தேறியிருக்க மாட்டோம்.

போட்டி முடிந்து வந்த ஒரு சிறுமியிடம் பேத்தியை விட்டுப் பேச வைத்தேன். அவள் குடும்பத்தில் பால் பண்ணை இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரரின் கன்றைப் போட்டிக்காக வாங்கி வளர்க்கிறாள். விசாரித்தபோது அது இங்கே புதிதல்ல என்று தெரிந்தது. ஒரு காலத்தில் சசெக்ஸ் முழுக்கப் பால் பண்ணைகள். பால் கேன்கள் ரயிலேறி நியூயார்க் பக்கம் போயின. நிலவிலை ஏறியது, பால்விலை ஏறவில்லை. பண்ணைகள் உதிர்ந்தன. சசெக்ஸ் கிளை ரயில்பாதையில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு இப்போது நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். பர்கூரில் வேறு காரணம், அதே முடிவு. மேய்ச்சலுக்குக் காடு சுருங்கியது; 2022இல் உயர்நீதிமன்றம் வனத்துக்குள் மேய்ச்சலுக்குத் தடை போட்டதும் பட்டிக்காரர்கள் தவித்துப் போனார்கள். இனத்தைக் காக்க அங்கே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நல்ல காரியம். கூடவே பிள்ளைகள் கையிலும் நாலு கன்று இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

மதியத்துக்கு மேல் மற்றக் கூடங்கள். கண்ணாடி ஜாடிகளில் ஊறுகாயும் பழப்பாகும், துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வைகள், தேன், வெங்காயம், ஒரே அளவில் மூன்று தக்காளி வைத்த தட்டு. மூன்றும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே விதி. பெரிய தக்காளிக்கு மதிப்பில்லை. எல்லாவற்றிலும் போட்டவர் பெயர், ஊர், நாடா. இங்கே நின்றபோது ஊட்டி நினைவு வந்தது. ஊட்டி மலர்க் கண்காட்சி 125 முறைக்கு மேல் நடந்துவிட்டது. பார்க்கப் பார்க்க அழகு. ஆனால் மே மாதத்தில் நாம் கோடை விழா என்று நடத்துவதெல்லாம் சமவெளிக்காரன் வெயிலுக்குப் பயந்து ஏறி வருவான், அவனுக்குக் காட்டலாம் என்பதுதான். மலைவாசிக்கு அன்றைக்குப் போக்குவரத்து நெரிசல் மிச்சம். அகஸ்டாவில் மலைக்காரர்கள் தாங்கள் செய்ததைத் தங்களுக்குள் காட்டிக்கொள்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொள்ளலாம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரும் நமக்காக நிறுத்தவும் இல்லை. நம் ஊர் முகங்கள் கூட்டத்தில் அங்கொன்று இங்கொன்றுதான். 60 மைல் தூரத்தில் அத்தனை பேர் இருக்கிறோம்.

குதிரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடை தாண்டும் போட்டி, நேர்த்தியான ஏற்பாடு, அமைதியான கூட்டம். அந்தியூரில் தவிலுக்கு ஆடுகிற குதிரையைப் பார்த்த கண்ணுக்கு இது பரீட்சை எழுதுகிற குதிரை. பழைய கார்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, கடைசியாக ஓடுகிற கார் வென்றது என்கிற விளையாட்டு ஒன்றும் உண்டு. மாப்பிள்ளை ரசித்தார். எனக்குக் காது வலித்தது.

சாப்பாட்டுக் கடை வரிசையில் ஃபனல் கேக் என்று ஒன்று. கொதிக்கும் எண்ணெயில் புனல் வழியாக மாவைச் சுற்றிப் பிழிகிறார்கள். பாகில் ஊற மறந்த ஜாங்கிரிதான்; மேலே சர்க்கரைப் பொடியைத் தூவிச் சமாளிக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் தீயணைப்பு வண்டி ஒன்றைப் பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்தார்கள். இந்த மலையூர்களில் தீயணைப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். மெக்கானிக், தச்சர், பள்ளி ஆசிரியர் என்று அவரவர் வேலை பார்த்துக்கொண்டு, மணி அடித்தால் ஓடுவார்கள். 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் சேர்த்த தீயணைப்புக் குழுவின் வழி அது. வண்டிக்கும் குழாய்க்கும் வேண்டிய பணத்தில் ஒரு பங்கு கோடைத் திருவிழாக்களில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கோழியைச் சுட்டு, சோளக்கதிரோடு தட்டு இவ்வளவு என்று விற்கிறார்கள். எங்கள் ஊரில் கிடா வெட்டிப் பொங்கல் வைப்பது சாமிக்கு. இங்கே கோழி சுடுவது தண்ணீர்க் குழாய்க்கு. இரண்டிலும் வரிசையில் நின்று சாப்பிடுகிற ஜனம் ஒரே மாதிரிதான் பேசிக்கொள்கிறது: உப்பு, காரம், மழை.

கறிக்கு வளர்த்த பன்றியும் ஆட்டுக்குட்டியும் ஏலம் போகும் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தோம். உள்ளூர்க் கடைக்காரர்கள் சந்தை விலைக்கு மேலேயே கேட்பார்களாம். பணம் பிள்ளையின் படிப்புக்குப் போகும். வளர்த்தவர்களே கயிற்றைப் பிடித்து ஏலக் களத்துக்குக் கொண்டுவர வேண்டும், அழுகையும் இருக்கும் என்றார் கொட்டகைக்காரர். பேத்தியின் முகம் வாடியது. "அப்புச்சி, அந்த ஆட்டை நாம வாங்கிக்கலாமா? வெட்டாம வெச்சுக்கலாம்" என்றாள். கிடாவிருந்துக்குப் பேர்போன வம்சத்தில் இப்படி ஒரு வாரிசு.

திரும்பும் வழியில் சாலையோரப் பண்ணைக் கடையில் மகள் பீச் வாங்கினாள். பேத்தி விடவில்லை. ஆடு வைத்துக்கொள்ள எடிசன் நகராட்சி விடாது என்று மாப்பிள்ளை சொன்னார். ஆனால் 4-ஹெச் எங்கள் மிடில்செக்ஸ் மாவட்டத்திலும் உண்டு, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஆகஸ்டிலேயே சின்னத் திருவிழாவும் நடக்கிறது என்று தேடிப் படித்தவளும் மகள்தான்; அங்கே முயலுக்கும் போட்டி உண்டாம். "அம்மா, முயலுக்கு யாரு தீவனம் போடுவாங்க? யாரு கூண்டு கழுவுவாங்க?" என்று மகளிடம் கேட்டது பேத்தி அல்ல, மாப்பிள்ளை. மாமியாரைக் கூப்பிடுகிற தொனியில் மனைவியை 'அம்மா' என்கிறார் என்றால் விஷயம் கைமீறிவிட்டது என்று பொருள்.

"அப்புச்சி இருக்கற வரைக்கும் அப்புச்சி கழுவுவாரு" என்றாள் பேத்தி.

முயலுக்கு எந்த வயதில் குடல்புழு மருந்து கொடுப்பது என்று நான் யோசிக்க ஆரம்பித்திருந்தேன். 287 வந்துவிட்டது. அவர்கள் இன்னும் கூண்டின் அளவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.