இடுப்பில் ஒரு கிலோ

மந்திரிகளுக்குப் பின்னால் நிற்கிற மஃப்டி போலீஸாரின் சஃபாரி ஏன் தொளதொளவென்று இருக்கிறது? துப்பாக்கியை மறைக்கத்தான் சார்!

எங்கள் கோவில்பதாகையில், அந்த டியூட்டி பார்த்து ரிடையரான எஸ்.ஐ. ஒருவர் சொன்னார்: ‘‘ஈஷாப்பூர் 9 எம்.எம். பிஸ்டல், 13 தோட்டா ரொப்பினா ஒரு கிலோ தம்பி. பெல்ட் தொய்ஞ்சா பேன்ட்டே இறங்கிடும்!’’

(நாம் ஆசைப்பட வேண்டாம். 9 எம்.எம்.முக்குச் சாமானியருக்கு லைசென்ஸ் கிடையாது. டிபன் பாக்ஸ் போதும்.)

உறை விஷயத்தில் மனிதர் படு கறார். தோலுறை அழகுதான், நம்மூர் வியர்வையில் ஊறித் தளர்ந்துவிடும். நேர் பக்கவாட்டில் மாட்டினால் ஜீப்பில் விலாவைக் குத்தும். சற்றே பின்னால் தள்ளணும். நடுமுதுகு கூடவே கூடாது, விழுந்தால் முதுகெலும்பு போச்சு. டிரிகரை முழுசாக மூடணும். அதில் மட்டும் சௌகரியம் பார்க்கப்படாது.

‘‘நின்னு பார்த்து வாங்காதே, உட்கார்ந்து பாரு. பாதி டியூட்டி கார்லதான்.’’

இடுப்பில் எட்டணா அகலத்துக்குக் காய்ப்பு.

‘‘எத்தனை தடவை சுட்டீங்க சார்?’’

‘‘ரேஞ்சில மட்டும்தான்’’ என்றார், பெருமையாக.