கூட யார் வர்றாங்க?

1/ நான் ஏற்காட்டில் அரசு மருத்துவர். "மலை மேல சாயங்காலம் ஆனா என்ன பண்ணுவீங்க டாக்டர்?"னு கேக்கிறவங்க நிறைய. ட்யூட்டி இல்லாத ராத்திரியில் நான் வீடியோ கேம் விளையாடுவேன். வாள், மந்திரம், பூதம், டிராகன் எல்லாம் வர்ற வகை. சிரிச்சிட்டு வாங்க, பரவாயில்ல. இந்த நீண்ட இழை அதைப் பத்தித்தான். ஆனா ஆஸ்பத்திரிக்கு வந்து போற எல்லாருக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கு.

2/ முதல்ல ஒரு தெளிவு. காசு கட்டி ஆடுற ஆன்லைன் ரம்மி வேற, இது வேற. இதுக்குப் பேர் ரோல் பிளேயிங் கேம், சுருக்கமா ஆர்.பி.ஜி. ஒரு கதாபாத்திரமா நாம உள்ளே போறோம். கதை நம்ம முன்னாடி வந்து நின்னு, "இப்ப என்ன செய்யப் போற?"னு கேக்கும். நாம சொல்ற பதிலை வச்சு மீதிக் கதை நகரும். ஒரு கேமை முடிக்க 60, 80 மணி நேரம் ஆகும். சிலது நூறைத் தாண்டும்.

3/ இதை விளையாடுற ரெண்டு பேர் சந்திச்சா பெரும்பாலும் மூணு விஷயம்தான் பேசுவாங்க. உன்கூட யாரைக் கூட்டிட்டுப் போன? அந்த இடத்துல என்ன முடிவெடுத்த? அந்த ஊர் எப்படி இருந்துச்சு? துணை, தேர்வு, ஊர். இந்த மூணை வச்சே விடிய விடிய சண்டை போடலாம்.

4/ இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச பழக்கம்னு நினைக்காதீங்க. அம்புலிமாமா படிச்சவங்களுக்கு விக்கிரமாதித்தன் தெரியும். முருங்கை மரத்துல தொங்கின வேதாளத்தைத் தோள்ல போட்டுட்டு நடப்பான். அது ஒரு கதை சொல்லும். கடைசியில், "இதுல யார் செஞ்சது சரி?"னு கேக்கும். பதில் தெரிஞ்சும் சொல்லாட்டி தலை வெடிக்கும், சொல்லிட்டா வேதாளம் மரத்துக்குப் பறந்திடும். துணை, தேர்வு, சுடுகாடு. மூணும் அங்கேயே இருக்கு.

5/ நான் இந்த வகை கேமைப் பார்த்தது எம்.பி.பி.எஸ். ஹாஸ்டல்ல. ஒரே லேப்டாப், பின்னாடி ஆறு பேர். கேம் பேர் 'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்', 2009-ல் வந்தது. அதுல அலிஸ்டேர்னு ஒருத்தன் ஆரம்பத்திலிருந்து கூடவே வருவான். நல்லவன், ஜோக் அடிப்பான். லோகெய்ன்கிற தளபதி போர்க்களத்தில் ராஜாவைக் கைவிட்டுட்டுப் போனதால, அலிஸ்டேர் அப்பா மாதிரி மதிச்ச குரு அங்கேயே செத்துப் போயிருப்பார்.

6/ கதை முடியப் போற நேரத்தில் லோகெய்ன் தோத்து நம்ம முன்னாடி நிப்பான். கொல்லலாம். இல்லை, மன்னிச்சு நம்ம படையில் சேர்த்துக்கலாம். வரப் போற பெரிய போருக்கு அனுபவமுள்ள ஒரு ஆள் கூடுதலாக் கிடைப்பான். கணக்குப்படி சரி. ஆனா மன்னிச்சா, அலிஸ்டேர் நம்மள விட்டுப் போயிடுவான். அதுவரைக்கும் அவன்கிட்ட எவ்வளவு நல்ல பேர் வாங்கியிருந்தாலும் சரி.

7/ ஆறு பேரும் ரெண்டு கட்சியா பிரிஞ்சோம். "ஊரே அழியப் போகுது, இவனுக்குக் கோபம் முக்கியமா?"னு ஒரு கட்சி. "அவன் நிலைமையில் நீ இருந்தா?"னு இன்னொரு கட்சி. மறுநாள் பார்மகாலஜி இன்டர்னல். ஒருத்தரும் படிக்கல. இன்னிக்கு அந்த ஆறு பேரும் ஆளுக்கொரு ஊர்ல டாக்டர். போன் பண்ணா இப்பவும் அந்தச் சண்டை முடியல.

8/ இந்த கேம்கள்ல துணைக்கு வர்றவங்களுக்கு நம்ம மேல ஒரு மதிப்பெண் உண்டு. நாம செய்றது பிடிச்சா ஏறும், பிடிக்காட்டி இறங்கும். புதுசா ஆடுறவங்க எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்ப்பாங்க. நாலஞ்சு கேம் ஆடினா புரியும்: நமக்கு ஆமாம் போடுறவனை விட, நம்மகிட்ட முகம் கொடுக்காம இருந்தும் அடுத்த ஊருக்கு மூட்டையைத் தூக்கிட்டுக் கிளம்புறவன்தான் துணை.

9/ அடுத்து தேர்வு. 'தி விட்சர் 3', 2015, போலந்துக்காரங்க எடுத்தது. ஒரு குன்றுக்கு உள்ளே, மரத்தோட வேர்ல ஒரு ஆவி சிறைப்பட்டிருக்கும். "என்னை விடு, அனாதைக் குழந்தைகளைக் காப்பாத்துறேன்"னு சொல்லும். விட்டா, குழந்தைங்க பிழைப்பாங்க. ஆனா வேற ஒரு பெண் சாவாள், அவள் புருஷன் தூக்கு மாட்டிக்குவான். ஆவியைக் கொன்னா அந்தப் புருஷன் பொண்டாட்டி உயிரோட இருப்பாங்க, குழந்தைகள் போயிடும்.

10/ இதுல முக்கியம், முடிவெடுக்கிற நேரத்தில் இந்த விளைவு எதுவும் நமக்குத் தெரியாது. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் தெரியும். அதனால நல்ல ரசிகர்கள், "கடைசியில் என்ன ஆச்சு?"ன்னு மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லமாட்டாங்க. "அப்ப அவனுக்கு என்ன தெரியும்? கூட யார் இருந்தாங்க?"ன்னு கேப்பாங்க. கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற யாரும் இந்தக் கேள்வியைப் பிரேம் போட்டு மாட்டலாம்.

11/ மூணாவது ஊர். நம்ம நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கு. போபால்ல இருக்கிற பைரோடாக்டில் கேம்ஸ் 2014-ல் 'அன்ரெஸ்ட்'னு ஒரு ஆர்.பி.ஜி. கொண்டு வந்தாங்க. கற்பனையான பழைய இந்தியா. பீம்ரான்னு ஒரு நகரம். மழை இல்லை, பஞ்சம். அதுல நீங்க உலகத்தைக் காப்பாத்துற வீரன் கிடையாது. ஒரு பகுதியில், வீட்டில் நிச்சயம் பண்ற கல்யாணத்துக்கு முன்னாடி நிக்கிற ஏழை விவசாயி மகள். வாள் எடுத்து எல்லாத்தையும் தீர்த்துட முடியாது. அந்த ஊர் எவ்வளவு விடுதோ, அவ்வளவுதான் உங்க தேர்வு.

12/ நான் இருக்கிற மலைக்கும் ஒரு கதை இருக்கு. இங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையை ஆள்றவங்க) தங்கள் முன்னோர் பத்திச் சொல்ற கதை. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூணு பேர் கிளம்பி வந்தாங்களாம். ஒருத்தர் சேர்வராயன் மலைக்கு, ஒருத்தர் கொல்லிமலைக்கு, ஒருத்தர் பச்சைமலைக்கு. சேர்ந்து கிளம்பின கூட்டம் பிரிஞ்சு ஆளுக்கொரு மலை. இதை எந்த கேம் கம்பெனியும் இன்னும் எடுக்கல, அவங்களுக்குத்தான் நஷ்டம்.

13/ ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். சேலத்திலிருந்து வர்ற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. சுற்றுலா வர்றவங்களுக்கு அது செல்ஃபி எடுக்கிற இடம். எங்களுக்கு அது ரெஃபரல் பாதை. "சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு நான் ஒரு சீட்டில் எழுதுறது ஒரே வரி. அந்த வரிக்குப் பின்னாடி 20 வளைவு இருக்கு.

14/ ஒரு சம்பவம். ஆளை அடையாளம் தெரியாதபடி மாத்திச் சொல்றேன். எஸ்டேட்ல சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி ஏறியிருக்கும். ஏணி வச்சுப் பறிப்பாங்க. அப்படிப் பறிக்கும்போது ஒருத்தர் விழுந்துட்டார். தலையில் அடி, ரெண்டு தடவை வாந்தி. ஸ்கேன் எடுத்தே ஆகணும். 108 வந்து வாசல்ல நிக்குது. அவர், "வேணாம் சார், மாத்திரை கொடுங்க, வீட்டுக்குப் போறேன்"கிறார்.

15/ அறியாமை, பிடிவாதம்னு ஈசியா சொல்லிடலாம். எங்க ஸ்டாஃப் நர்ஸ் அக்கா அதையெல்லாம் சொல்லல. பக்கத்துல உக்காந்து ஒரே கேள்விதான் கேட்டாங்க: "கூட யாருப்பா வர்றாங்க?" அவர் அழுதுட்டார். பொண்டாட்டிக்குக் குழந்தை பிறந்து 20 நாள். வீட்டில் வேற ஆள் இல்லை. சேலத்துல யாரையும் தெரியாது. பெரியாஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிக்கணும்னு தெரியாது. அவர் பயந்தது ஸ்கேனுக்கு இல்லை.

16/ அவரைத் தூக்கிட்டு வந்தவர் ஒரு வயசான கூட்டாளி. காலையில் கூலி விஷயத்தில் இவரோட சண்டை போட்டவராம். "நான் போறேன் டாக்டர், வீட்டுக்கு என் சம்சாரத்தை அனுப்பி வைக்கிறேன்"னு வண்டியில ஏறிட்டார். அஞ்சு நிமிஷம் முன்னாடி 'மாட்டேன்'னவர் மறு பேச்சு இல்லாமப் படுத்துக்கிட்டார். ஸ்கேன்ல ரத்தக்கசிவு இருந்துச்சு. நேரத்துக்குப் போனதால பிழைச்சார்.

17/ ஒரு தகவலை இங்கேயே சொல்லிடுறேன். தலையில் அடிபட்ட பிறகு மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, தூங்கி வழியறது, வலிப்பு, காது மூக்குல ரத்தம் அல்லது தண்ணி மாதிரி வடியறது. இதுல ஒண்ணு இருந்தாலும் 'தூங்கினா சரியாகிடும்'னு விடாதீங்க. உடனே 108.

18/ திரும்ப கேமுக்கு. 'பால்டர்ஸ் கேட் 3'. பெல்ஜியத்து லாரியன் ஸ்டூடியோஸ், ஆகஸ்ட் 2023. அந்த வருஷத்தோட சிறந்த கேம் விருதை வாங்கினது. அதுல கார்லாக்னு ஒரு பெண் துணை. நம்பின ஒருத்தன் அவளை நரகத்துக்கு வித்துடுவான். அங்கே அவள் இதயத்தைப் பிடுங்கிட்டு ஒரு நெருப்பு இயந்திரத்தை வச்சிடுவாங்க. பத்து வருஷம் கழிச்சுத் தப்பிச்சு வந்திருப்பாள். உடம்பே கொதிக்கும். யாரும் அவளைத் தொட முடியாது. அவ்வளவு கலகலப்பான பொண்ணு.

19/ ஒரு கொல்லன் அந்த இயந்திரத்தைக் கொஞ்சம் சரி பண்ணுவான். அதுக்கப்புறம் அவள் முதல் தடவை ஒருத்தரைக் கட்டிப்பிடிக்கிற காட்சியில் பல பேர் அழுதிருக்காங்க. ஆனா அந்த இயந்திரம் நரகத்துல ஓடுறதுக்குச் செஞ்சது. வெளியே இருந்தா அது அவளைக் கொன்னுடும். மருந்து கிடையாது. ரசிகர்கள் கொதிச்சுப் போனாங்க. 'இவ்வளவு மந்திரம் இருக்கிற உலகத்தில் ஒரு இதயத்தைச் சரி பண்ண முடியாதா?'

20/ டாக்டரா நான் இதைக் கேட்டப்ப நிமிர்ந்து உக்காந்தேன். இதே கேள்வியை வாரம் ஒரு தடவையாவது ஓ.பி.யில் கேக்கிறேன். 'இவ்வளவு மெஷின் இருக்கே டாக்டர், ஒண்ணும் பண்ண முடியாதா?' அந்த கேம் அதுக்கு என்ன பதில் சொல்லுது தெரியுமா? கார்லாக் நரகத்துக்குத் திரும்பிப் போகமாட்டேன், செத்தாலும் இங்கேயே சாகிறேன்னு நிப்பாள். ஆனா நாமோ, வில்கிற இன்னொரு துணையோ, "நானும் உன்கூட வர்றேன்"னு சொன்னா, போகச் சம்மதிப்பாள். நோய் அதேதான். நரகமும் அதேதான். கூட ஒரு ஆள்.

21/ குணமாகாத நோயில் நாங்க பார்க்கிறதும் இதுதான். எங்க மலையில் ஒரு அம்மா, புற்றுநோய். சேலத்துல பார்க்கிறதெல்லாம் பார்த்து முடிச்சாச்சு. இனி வலி இல்லாம வச்சுக்கிறதுதான் சிகிச்சை. அவங்களுக்கு மாத்திரை வாங்க மாசாமாசம் வர்றது பக்கத்து வீட்டுப் பொண்ணு. சொந்தம் கிடையாது. "எனக்கு வலி போச்சா இல்லையான்னு கேக்க ஒரு ஆள் இருக்கு சார்"னு அந்த அம்மா சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை.

22/ இதை அரசாங்கமும் புரிஞ்சுதான் வச்சிருக்கு. ஆகஸ்ட் 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோட, நோய்த்தணிப்பு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருது. வீட்டில் படுக்கையில் யாராவது இருந்தா உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.

23/ பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கேம் ஆடுறதெல்லாம் நோய் இல்லை. நிறுத்த நினைச்சாலும் முடியாம, சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாத்தையும் விட கேமே பெரிசாகி, கெடுதல் தெரிஞ்சும் தொடர்ந்து, பொதுவா ஒரு வருஷம் போல இது நீடிச்சாத்தான் உலக சுகாதார நிறுவனம் அதைக் 'கேமிங் டிஸார்டர்'னு சொல்லுது. 2022-லிருந்து நடைமுறையில் இருக்கிற ஐ.சி.டி.-11 பட்டியலில் இருக்கு. அப்படித் தோணினா டெலி மானஸ் 14416, இலவசம்.

24/ அதுக்கு முன்னாடி ஒரு நாள் பக்கத்துல உக்காந்து, "உன்கூட யார் யார் வர்றாங்க? யாரை உனக்குப் பிடிக்கும்? ஏன் அவனை மன்னிச்ச?"ன்னு கேட்டுப் பாருங்க. பள்ளிக்கூடத்தைப் பத்தி வாய் திறக்காத பையன் அரை மணி நேரம் பேசுவான். அவன் நியாயம் அநியாயத்தை எப்படிப் பார்க்கிறான்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்.

25/ கடைசியா. ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன்னு அடம் பிடிக்கிற ஆளை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். மாமனார், பக்கத்து வீட்டுத் தாத்தா, கூட வேலை பார்க்கிற அண்ணன், யாரா வேணா இருக்கலாம். அடுத்த தடவை அவங்களுக்கு அட்வைஸ் பண்ணாதீங்க. "எந்தக் கிழமை போகணும்? நான் வர்றேன்"னு சொல்லிப் பாருங்க. பாதி வைத்தியம் அங்கேயே ஆரம்பிச்சிடும்.

பகிர நினைச்சா தாராளமாப் பகிருங்க.