கொலையுதிர் காலமும் அம்மாவின் கேள்வியும்

1980-களின் தொடக்கம். அரியலூரும் பெரம்பலூரும் அப்போது திருச்சி மாவட்டம். குமுதத்தில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' தொடராக வந்துகொண்டிருந்தது. பெரிய பங்களா, ராத்திரியில் தெரியும் பெண் உருவம், விசாரிக்கப் போன கணேஷ்-வசந்த். அரியலூர் வீட்டில் வாராவாரம் நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். பிறகு புத்தகம் பஸ் ஏறி பெரம்பலூர் அக்கா வீட்டுக்குப் போகும்.

பேய்தான் என்றாள் அக்கா. விஞ்ஞானம் என்றார் அத்தான். கதையில் ஹோலோகிராம் வந்ததும் அத்தானுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், பேயாகவே விட்டிருக்கலாம். ஆனால் சுஜாதா கடைசிவரை சந்தேகத்துக்கு இடம் வைத்திருந்தார். அதனால் அக்கா இன்றுவரை தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை.

அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அப்பா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஹோலோகிராம் வந்த வாரம், விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்:

"ஏண்டா, அந்த லேசர்ல உங்கப்பாவை அப்படி நிக்க வைக்க முடியுமா?"

"அதுக்கு ஆள் இருக்கிறப்பவே எடுத்து வெச்சிருக்கணும்மா."

"கல்யாணத்துக்குக்கூட போட்டோ எடுக்கலையே" என்றாள்.

அடுத்த வாரம் நான் வாசிக்க உட்கார்ந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.