பாட்டரி பார்த்து வாங்கினேன்

மாமிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தில்லியின் சனவரிக் குளிரில், விடியற்காலையில், வீட்டுக்கார மாமாவின் கார் கிளம்பியாக வேண்டும். குளிரில் எஞ்சின் எண்ணெய் கெட்டிப்படும். பாட்டரியின் வேகமும் குறையும். "பௌதிகம் படிக்கிறவனாச்சே, நீயே பார்த்து வாங்கு" என்று பணத்தைக் கொடுத்துவிட்டார்.

கரோல்பாக் கடைக்காரர் 48 மாத உத்தரவாதம் என்று முழங்கினார். அட்டையைப் படித்தால், இலவச மாற்று முதல் 24 மாதந்தான். பிறகு விலையில் கழிவு மட்டுமே!

உத்தரவாதத்தைவிடத் தயாரிப்புத் தேதியே பெரிது, நண்பர்களே. சும்மா கிடந்தாலும் மின்னேற்றம் கசிந்து, ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகும். மலிவானது எட்டு மாதப் பழசு. என் மல்டிமீட்டர் 12.3 வோல்ட் காட்டியது. போன மாதம் செய்தது 12.7. விலை 600 ரூபாய் கூடுதல். அதையே எடுத்தேன். அந்த 600 என் உதவித்தொகையில் போயிற்று, மாமாவிடம் சொல்லவில்லை.