இரண்டு வாய் பொங்கல்

நாலு வருஷத்துக்கு முன் என் எடை 118 கிலோ. ஐராவதேஸ்வரர் கோயில் பிரகாரத்தை ஒரு சுற்று வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவேன். இன்சுலின் வேறு.

டாக்டர் இரண்டு ஆபரேஷன் சொன்னார். ஒன்று ஸ்லீவ்: இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒடுக்கித் தைப்பது. எடுத்தது எடுத்ததுதான். மற்றது பைபாஸ்: இரைப்பையின் மேல்பக்கம் முட்டையளவு பையைத் தனியே பிரித்து, சிறுகுடலை அதோடு இணைப்பது. ஸ்லீவ்தான் சுலபம் என்றார்கள். எனக்கும் அதில்தான் மனசு. ஆனால் எனக்கு வெகுநாள் நெஞ்செரிச்சல். ஸ்லீவுக்குப் பின் அது கூடலாம், பைபாஸ் சர்க்கரைக்கும் நல்லது என்றார் டாக்டர். சரி என்றேன்.

ஒன்றரை வருஷத்தில் 37 கிலோ குறைந்தது. இன்சுலின் நின்றது. ஆனால் தெருவில் பதில் சொல்லி மாளவில்லை. தறிக்காரர் ஒருவர் என் மனைவியைத் தனியே கூப்பிட்டு, "சாருக்குப் புற்றுநோயா?" என்று கேட்டாராம்!

பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுசுக்கும். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. டிகிரி காப்பி அரை டம்ளர், அதுவும் சர்க்கரை இல்லாமல். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு!

அக்கா பேத்தி கல்யாணத்தில், அவள் வற்புறுத்தியதால் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். கால்மணியில் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு. இனிப்பு சட்டென்று குடலில் இறங்கினால் இப்படி ஆகும், 'டம்பிங்' என்பார்கள். பாதியில் இலையை மூடியதில் அக்காவுக்குக் கோபம். ஆறு மாசம் பேசவில்லை.

போன வாரம் வந்தாள். சின்னக் கிண்ணத்தில் இரண்டு வாய்ப் பொங்கல். "இதுவும் ஆகாதுன்னா சொல்லிடுடா" என்றாள்.

ஒரு வாய் சாப்பிட்டேன். மற்றதை அவள் சாப்பிட்டாள்.