மனசைப் படிக்கிற படிப்பு

மஞ்சள் தோண்டி, வேக வச்சு, களத்துல காயப் போட்டாச்சு. அது காய்ற வரைக்கும் ராத்திரி களத்துக் காவல்தான். கயித்துக் கட்டில்ல உக்காந்து செல்போன்ல இதைத் தட்டிட்டு இருக்கேன். எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விசயம் எங்க பாப்பாவோட படிப்பு. பாப்பான்னா சின்னக் குழந்தை இல்லீங்க. காலேஜ்ல ரெண்டாவது வருசம் படிக்கிறா. வீட்ல அப்படித்தான் கூப்பிடறது. நான் பன்னெண்டாவது 1988ல முடிச்சதோட சரி. எங்க வீட்ல இருந்து காலேஜ் வாசப்படி மிதிச்ச முதல் ஆள் அவதான். அவ படிக்கிறது சைக்காலஜி, உளவியல்.

ஊர்ல இதைச் சொன்னா ரெண்டு கேள்வி வரும். "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கற படிப்பா?" ஒண்ணு. "வேலை கெடைக்குமா?" இன்னொண்ணு. ரெண்டையும் நானும் கேட்டவன்தான். அதனால யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்.

இது எங்க அக்கா கிட்ட இருந்து ஆரம்பிக்குது. 1998ல அவளுக்கு மனசு சரியில்லாமப் போச்சு. ராத்திரி தூக்கமில்ல, தனியாப் பேசறது, சோத்துல யாரோ என்னமோ கலந்துட்டாங்கன்னு தட்டைத் தள்ளி விடறது. அந்தியூர்ப் பக்கம் கட்டிக் குடுத்த வீட்ல இருந்து கொண்டு வந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. நாங்க என்ன பண்ணினோம்? கோயில் கோயிலாப் போனோம். மந்திரிச்சோம், தாயத்து கட்டினோம், வேப்பிலை அடிச்சோம். மூணு வருசம் அப்படியே போச்சு. கடைசியில, ஏர்வாடியில கொண்டு போய் விட்டா சரியாயிடும்னு யாரோ சொல்ல, எங்க அப்பா கிளம்பத் தயாராயிட்டார்.

அந்த நேரத்துலதான், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ஏர்வாடியில ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சது. சங்கிலியில கட்டி வச்சிருந்ததால தப்பிக்க முடியாம 28 பேர் செத்துப் போயிட்டாங்க. பேப்பர்ல அந்தச் சேதியைப் பாத்த அப்பா மடிச்சு வச்சிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டார். அப்புறம் ஏர்வாடிங்கற பேச்சையே எடுக்கல. அடுத்த வாரம் நான் அக்காவைப் பஸ் ஏத்தி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். "எத்தனை வருசமா இப்படி இருக்காங்க?"ன்னு டாக்டர் கேட்டார். "மூணு வருசம்ங்க"ன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல, சீட்டுல எழுதிக்கிட்டார். திட்டியிருந்தாக் கூட எனக்கு ஆறியிருக்கும்.

மாத்திரை போட ஆரம்பிச்ச பொறவு கொஞ்சம் கொஞ்சமாத் தூங்கினா. அடுத்த வருசம் மாடு கறக்க வந்துட்டா. இன்னைக்கும் எங்க வீட்டுப் பால் அவ கறந்துதான் சொசைட்டிக்குப் போகுது. மாசம் ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கணும், அவ்வளவுதான்.

பாப்பா பத்தாவது படிக்கறப்ப அத்தைக்குத் துணையாப் போக ஆரம்பிச்சா. அங்க மருந்து எழுதற டாக்டர் ஒருத்தர், உக்காந்து பேசற மேடம் ஒருத்தர். அந்த மேடம்கிட்ட நம்ம பாப்பா நேராவே கேட்டுட்டா, "நீங்க என்ன படிச்சீங்க மேடம்? நானும் படிக்கணும்"னு. அவங்க மருந்துச் சீட்டுப் பின்னாடி எழுதிக் குடுத்தாங்க. பிளஸ் ஒன்ல பயாலஜி எடு. பி.எஸ்சி. சைக்காலஜி மூணு வருசம். எம்.எஸ்சி. ரெண்டு வருசம். அதுக்கு மேல கிளினிக்கல் சைக்காலஜியில எம்.ஃபில். ரெண்டு வருசம். கடைசியில ஆர்.சி.ஐ. பதிவு.

"ஏழு வருசமா? தென்னங்கன்னு வச்சா அஞ்சு வருசத்துல பாளை விட்டுருமே"ன்னு எங்க வீட்டுக்காரம்மா கேட்டாங்க. அந்தச் சீட்டு இன்னும் எங்க வீட்டு காலண்டர் ஆணியில தொங்குது.

உங்க பிள்ளைங்க யாராவது இந்தப் படிப்பைக் கேட்டா உதவும்னு, நான் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். மனநல மருத்துவர்ங்கறது வேற, உளவியலாளர்ங்கறது வேற. முதல் ஆள் எம்.பி.பி.எஸ். முடிச்சு அதுக்கு மேல மனநலம் படிச்ச டாக்டர். மாத்திரை எழுதறது அவங்க. உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டாங்க. பேசிப் பாத்து, சோதனை வச்சு, பயிற்சி குடுத்து சரி பண்றவங்க. வெறும் டிகிரியை வச்சுக்கிட்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்ட முடியாது. 1992 சட்டத்துல வந்த இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதான் ஆர்.சி.ஐ., அங்க பதிவு வேணும்.

பிளஸ் ஒன் சேர்றப்பவே ஒரு குழப்பம். சைக்காலஜிக்கு நெறைய காலேஜ்ல எந்தக் குரூப் படிச்சிருந்தாலும் எடுத்துக்கறாங்க. அப்புறம் எதுக்குக் கஷ்டமான பயாலஜின்னு நான் கேட்டேன். மூளை, நரம்பு எல்லாம் டிகிரியில பாடமா வருமாம். புள்ளியியலும் உண்டாம். இப்பவே அடி மண் போட்டுட்டா அப்ப வலிக்காதுன்னா. நடவுக்கு முன்னாடி தொழு உரம் போடற மாதிரின்னு நானே புரிஞ்சுக்கிட்டேன்.

2024ல பிளஸ் டூ முடிச்சா. அரசுக் கல்லூரியில சைக்காலஜி இருக்கறதே கொஞ்சம் இடம்தான். கலந்தாய்வுல கொஞ்ச மார்க்குல போயிடுச்சு. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல சேத்தோம். பேர் வேண்டாம். பீஸும் ஹாஸ்டலும் சேத்து முதல் வருசம் ஒண்ணே கால் லட்சத்துக்கு மேல ஆச்சு. மூணு ஏக்கர் மஞ்சளும் வாழையும் வச்சிருக்கறவனுக்கு அது சின்னப் பணம் இல்லீங்க. அரசுப் பள்ளியில படிச்சதால புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா அவ கணக்குல வந்துச்சு, இப்பவும் வருது. மத்ததுக்கு ஒரு கறவை மாட்டை வித்தோம். வித்த அன்னைக்கு அக்கா சாப்பிடல. அந்த மாட்டுக்குப் பேர் வச்சவளே அவதான்.

முதல் செமஸ்டர் பாப்பாவுக்கு ரொம்பக் கஷ்டம். தமிழ் மீடியம் புள்ள. பாடம் பூராவும் இங்கிலீஷ். போன்ல அழுவா. "எனக்குத் தெரிஞ்சதை எழுதத் தெரியலப்பா"ன்னு சொல்லுவா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாது. "சாப்பிட்டியா கண்ணு"ன்னு கேட்டுட்டு வச்சிடுவேன். அவ ஒரு நோட்டுல வலது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, இடது பக்கம் தமிழ் அர்த்தம்னு எழுதி எழுதியே முதல் வருசத்தை அரியர் இல்லாமத் தாண்டிட்டா.

அப்பத்தான் அவளே ஒரு யோசனை சொன்னா. அரசுக் கல்லூரியில முதல் வருசம் சேந்தவங்க சில பேர் விட்டுட்டுப் போயிடுவாங்க. அந்தக் காலி இடத்துல ரெண்டாவது வருசம் மாத்திக்கிட்டுப் போகலாம்னு. எனக்கு நம்பிக்கை இல்ல. பள்ளிக்கூடம் மாத்தற மாதிரி டி.சி. வாங்கிட்டுப் போற காரியம் இல்லீங்க இது. ரெண்டு காலேஜ் பிரின்சிபாலும் ஆட்சேபனை இல்லைன்னு எழுதிக் குடுக்கணும். அங்க காலியிடம் இருக்கணும். பல்கலைக்கழகம் அனுமதிக்கணும். இங்க படிச்ச பாடமும் அங்க நடத்தின பாடமும் ஒத்து வருதான்னு பாப்பாங்க. ஒத்து வராததைத் திரும்ப எழுதணும்.

காலியிடம் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. ஆனா பழைய காலேஜ் ஆபீஸ்ல, "ரெண்டாவது வருச பீஸையும் கட்டிட்டு டி.சி. வாங்கிக்குங்க"ன்னுட்டாங்க. படிக்கப் போகாத வருசத்துக்கு எதுக்குப் பீஸ்னு கேட்டா பதில் இல்ல. நான் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு சத்தம் போடப் போனேன். பாப்பா என் கையைப் புடிச்சு உக்கார வச்சா. சான்றிதழைப் புடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு யூ.ஜி.சி. 2018லயே அறிவிச்சிருக்கு. அதைப் படிவமா எடுத்து, மனு எழுதி, மரியாதையா குடுத்துட்டு, "நாளைக்கு வர்றோம் சார்"னு மட்டும் சொன்னா. மூணு தடவை நடந்தோம். நாலாவது தடவை டி.சி. கைக்கு வந்துச்சு. நான் சத்தம் போட்டிருந்தா இன்னும் நடந்துட்டு இருப்போம்.

இப்ப அரசுக் கல்லூரியில படிக்கிறா. அரசாங்க விடுதியில தங்கறதும் சாப்பாடும் இலவசம். ரெண்டு பாடம் ஒத்து வரல, அதைச் சேத்து எழுதிட்டு இருக்கா. ஒரு வருசத்துக்கு முன்னாடி கட்டின பணம் போச்சேன்னு எனக்கு அடிக்கடி தோணும். அவ சொல்றா, அந்த வருசம் தோத்திருந்தா இந்தக் கதவும் தொறந்திருக்காதுன்னு.

ஆனா ஆணியில தொங்கற சீட்டு இப்ப பழசாயிடுச்சுங்க. எம்.ஃபில். படிப்பையே எடுத்துட்டாங்க. கிளினிக்கல் சைக்காலஜிக்கு 2025-26 வரைக்கும் தவணை குடுத்தாங்க. பாப்பா டிகிரி முடிக்கறதே 2027ல. அதுக்குப் பதிலா புதுப் படிப்புகளைக் கொண்டு வர்றாங்க, அதுல எது எங்க கெடைக்கும்னு அவ தேடிட்டு இருக்கா. எனக்குள்ள ஒரு ரகசியக் கணக்கும் இருந்துச்சு. பணம் பத்தலைன்னா மேல்படிப்பை அஞ்சல் வழியில படிச்சுக்கட்டும்னு. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையில இருந்து சைக்காலஜியைத் தொலைதூரக் கல்வியிலயும் ஆன்லைன்லயும் நடத்தக் கூடாதுன்னு யூ.ஜி.சி. சொல்லிடுச்சு. "நல்லதுதான்ப்பா, ஆளைப் பாக்காம இந்த வேலையைக் கத்துக்க முடியாது"ங்கறா. நல்லதுதான். செலவு என்னோடது.

இதுவரைக்கும் எழுதினது படிப்புக் கணக்கு. இந்தப் பொங்கலுக்கு நடந்ததைச் சொல்லணும்னுதான் ஆரம்பிச்சேன்.

மார்கழி கடைசியில அக்கா மறுபடி தூங்காம இருந்தா. தனியா முணுமுணுத்தா. மாத்திரை டப்பாவைத் தொறந்து பாத்தா பாதிக்கு மேல அப்படியே இருக்கு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. "இருபத்தி நாலு வருசமா உனக்குப் பாடுபடறேன், ஏன் போடல?"ன்னு கத்திட்டேன். அவ மாட்டுக் கொட்டாய்ல போய் உக்காந்துக்கிட்டா.

பாப்பா பொங்கல் லீவுக்கு வந்தா. நேரா கொட்டாய்க்குப் போனா. புத்தி சொல்லல. கூடச் சேந்து சாணி வழிச்சா, தண்ணி காட்டினா. அரை மணி நேரம் கழிச்சு, "அத்தை, அந்த மாத்திரை போட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?"னு கேட்டா.

அக்கா சொன்னா. புது மாத்திரை போட்டா விடியக்காலம் எந்திரிக்க முடியலையாம். கை நடுங்குதாம். ரெண்டு தடவை பால் சொம்பைக் கொட்டிட்டாளாம். "ஒரு மாட்டைத்தான் வித்தாச்சு. கறக்கறதுக்கும் நான் ஆகாதுன்னா இந்த வீட்ல நான் எதுக்கு?"ன்னு கேட்டிருக்கா. அதனாலதான் நிறுத்தியிருக்கா.

நான் செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு இருந்தேன். இருபத்தி நாலு வருசத்துல நான் அவகிட்டக் கேட்டது ஒரே கேள்வி, "மாத்திரை போட்டியா?". எப்படி இருக்குன்னு ஒரு நாள் கூடக் கேட்டதில்ல.

பொங்கல் முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. இதையெல்லாம் டாக்டர்கிட்ட அக்காவே அவ வாயால சொன்னா. அவர் அளவை மாத்தி, போடற நேரத்தையும் மாத்திக் குடுத்தார். இப்ப தூங்கறா. கறவை காலையில அரை மணி தள்ளிப் போச்சு, சொசைட்டிக்காரர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்.

மூணு வருசம் கோயில் கோயிலா அலைஞ்சதை நெனச்சு நான் இவ்வளவு நாள் வருத்தப்பட்டேன். அதுக்குப் பொறவு வந்த வருசங்களையும் நெனச்சுப் பாக்கணும் போல.

உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ இப்படி யாராவது இருந்தா தள்ளிப் போடாதீங்க. எந்த ஆஸ்பத்திரின்னு தெரியலைன்னா 14416க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ், அரசாங்க நம்பர், காசு இல்ல, தமிழ்லயே பேசலாம்.

பனி எறங்குது. மஞ்சள் மேல தார்ப்பாய் இழுத்து மூடணும். அக்கா ஒரு சொம்புல காப்பி கொண்டு வந்துட்டு இருக்கா. இன்னைக்கு அவகிட்டக் கேக்கணும்.